அடுத்த பிரசவத்துக்குக் கையுறை மாட்டுகிறவர்



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் கேட்டது ஒன்றுதான். மகப்பேறு குறித்து, இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் பயன்படும்படி பேசுங்கள் என்றார்கள். இரத்தசோகையைப் பற்றிப் பேசலாம், இளவயதுத் திருமணத்தைப் பற்றிப் பேசலாம். இரண்டும் கல்வராயன் மலையில் இன்னும் தீராதவை. ஆனால் அவற்றுக்கு மேடைகள் உண்டு. மேடை கிடைக்காத ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். பிரசவத்தில் ஒரு தாயோ குழந்தையோ இறந்துபோகும்போது, பக்கத்தில் நின்று போராடிய செவிலியருக்கும் மருத்துவருக்கும் அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதே என் பொருள்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இழப்பு அந்தக் குடும்பத்துடையது. தாயில்லாத பிள்ளையின் துயரத்துக்குப் பக்கத்தில் வேறு எவருடைய துயரத்தையும் வைத்து நான் எடைபோடப் போவதில்லை. பணியாளரின் மனக்காயத்தைப் பற்றிப் பேசுவதே குடும்பத்தின் கேள்விகளை மழுப்பத்தான் என்று இங்கே யாருக்காவது தோன்றினால், அந்தச் சந்தேகம் நியாயமானது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். அடுத்து வரும் தாயின் உயிரும் இதில்தான் இருக்கிறது என்பதை விளக்குவதே என் வேலை.

தமிழ்நாட்டின் வெற்றியிலிருந்து தொடங்குகிறேன். 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். கேரளத்தில் 19 என்பதால் நாம் போகவேண்டிய தூரம் இருக்கிறது. ஆயினும் நாம் புறப்பட்ட இடத்தை நினைத்தால் இது பெரிய பயணம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுழற்சி முறையில் மூன்று செவிலியர்களை அமர்த்தி இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தோம். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தின் மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காடு. அதாவது, வீட்டில் நடக்கும் பிரசவம் ஏறத்தாழ இல்லை.

இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. என் பாட்டி காலத்தில் பிரசவ மரணம் வீட்டுக்குள் நடந்தது. மருத்துவச்சி அழுதாள், ஊரும் சேர்ந்து அழுதது, விதி என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சொல்லை நான் விரும்பவில்லை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றாமல் விட்டதற்கு அதுவே சாக்காக இருந்தது. இன்று எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் என்றால், நடக்கும் மரணமும் ஏறத்தாழ எல்லாமே சம்பளம் வாங்கும் ஒரு செவிலியரின் அல்லது மருத்துவரின் கண்ணெதிரேதான் நடக்கிறது. மரணம் அரிதாகிவிட்டதால் ஒவ்வொரு மரணமும் யாரோ செய்த தவறாகத் தெரிகிறது. சில நேரம் அது தவறுதான். சில நேரம் இல்லை. இரண்டுக்கும் நடுவில், தவறா இல்லையா என்று தனக்கே தெரியாமல், இரவு முழுவதும் அந்த அரைமணி நேரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார்.

நம் மலைக்கு வருவோம். ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த கல்வராயன் மலை 1976-இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து! சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அந்தத் தாமதத்தைச் சுமந்துகொண்டுதான் அங்கே போய்ச் சேர்ந்தன. 2024 ஜூனில் விஷச்சாராயம் குடித்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த வாரம் நம் மருத்துவமனை எப்படி இருந்தது என்பதை இந்த ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படுக்கைக்குப் படுக்கை ஓடியவர்களிடம், எல்லாம் அடங்கிய பிறகு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

மலையில் ஒரு பிரசவம் எப்படிக் கைமீறும் என்பதை மருத்துவம் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலாக இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் கருப்பை இறுகச் சுருங்க வேண்டும். அந்தச் சுருக்கம்தான் திறந்துகிடக்கும் இரத்தக் குழாய்களை அடைக்கிறது. சுருங்காவிட்டால் உதிரம் நிற்காது. அப்படிப்பட்ட தாய்க்குக் கையில் இருப்பது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்று மகப்பேறு நூல்கள் கணக்கிடுகின்றன. ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும், வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பையைப் பிசைந்துவிட வேண்டும், இரண்டு கையிலும் ஊசி ஏற்றிச் சலைன் ஓடவிட வேண்டும், காலிலிருந்து வயிறு வரை இறுக்கிப் பிடிக்கும் அதிர்ச்சித் தடுப்பு உடையை மாட்ட வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும். இத்தனையும் இரவு இரண்டு மணிக்கு, ஒரு செவிலியரும் ஓர் உதவியாளரும் மட்டும் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

பிறகு பயணம். வெள்ளிமலையிலிருந்து கரியாலூர் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி, அங்கிருந்து கள்ளக்குறிச்சி. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது பெரும் ஆறுதல். அதற்கு முன் சிக்கலான நோயாளிகளை முண்டியம்பாக்கத்துக்கோ சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பயணத்திலேயே இரண்டு மணி நேரமும் கரைந்துபோகும். ஆனால் மலையிலிருந்து அடிவாரம் வரும் நேரம் இன்றும் குறையவில்லை. செல்போன் சிக்னல் இல்லாத வளைவுகளில் ஆம்புலன்ஸ் பணியாளர் அந்தத் தாயோடு தனியாக இருக்கிறார். அவர் பெரும்பாலும் இருபது வயதுகளில் இருக்கும் இளைஞர். வண்டிக்குள் இறந்துபோகும் தாயைப் பார்த்தவர் அன்றே வண்டியைக் கழுவி அடுத்த அழைப்புக்குப் போகிறார். நாம் செவிலியரையாவது நினைத்துப் பார்க்கிறோம். இவர் யார் நினைவிலும் வருவதில்லை.

இனி கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் வி.எச்.என். அம்மா என்பார்கள். இந்த உரையில் நான் அதிகம் கவலைப்படுவது இவரைப் பற்றித்தான். கர்ப்பத்தைப் பதிவுசெய்து அதற்கான பிக்மி எண் வாங்கித் தந்தவர் அவர். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, சாப்பிட்டாயா என்று வீடு தேடிப் போய்க் கேட்டவர். ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்கிய மாமியாரிடம் பேசி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, தேதிக்கு முன்பே கொண்டுவந்து சேர்த்தவர். தாய் இறந்துவிட்டால் மருத்துவமனைச் செவிலியருக்கு அந்தக் குடும்பம் அன்றோடு கண்ணிலிருந்து மறைகிறது. கிராம சுகாதாரச் செவிலியருக்கு அப்படி மறைவதில்லை. பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது பணி விதி. ஆஷா பணியாளரும் இவரும்தான் போகிறார்கள். ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி. தாயில்லாத குழந்தை என்பதால் எடை குறைகிறதா என்று இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். தன்னை நம்பி அனுப்பிய அதே மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்க, எடை பார்க்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் அந்த வாசலில் நிற்க வேண்டும். அந்த வீட்டார் திட்டினாலும் கஷ்டம். ஒன்றும் சொல்லாமல் குழந்தையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் அதைவிடக் கஷ்டம். இந்த ஆறு பயணங்களுக்கும் அவருக்குத் துணை வர யாரையும் எந்த விதியும் அனுப்பவில்லை.

மலையாளிப் பழங்குடி ஊர்களில் இன்னொன்றும் நடக்கிறது. ஓர் ஊரில் நடந்த மரணத்தின் செய்தி அடுத்த ஊருக்கு நடந்தே போய்விடும். பிறகு அங்கே ஒரு பெண்ணை மருத்துவமனைக்கு அழைக்கப் போகும்போது, போன தடவை கூட்டிப்போனது என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் தெம்பு அந்தச் செவிலியருக்கு இருக்க வேண்டும். உடைந்துபோனவரால் அது முடியாது.

இந்த மனநிலையைப் பற்றி உலகில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் வூ 2000-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இதயப் பதிவுப் படத்தைச் சரியாகப் படிக்கத் தவறிய ஓர் இளம் மருத்துவரைச் சக மருத்துவர்களே தமக்குள் கூடிக்கூடிப் பேசி, திறமையற்றவர் என்று தீர்ப்பளித்துவிட்டதையும், தானும் அப்படித் தவறியிருக்கக்கூடும் என்று எவரும் சொல்லாததையும் அவர் எழுதினார். அந்தப் பணியாளரை இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று அவர் அழைத்தது பரவிவிட்டது. 2019-இல், மருத்துவத் தவறுகளால் உறவுகளை இழந்தவர்கள் அதே இதழில் இந்தப் பெயரை விட்டுவிடுங்கள் என்று எழுதினார்கள். நேர்ந்ததற்குப் பொறுப்பே இல்லாதவர்போல் அது காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். நான் அவர்கள் பக்கம். அந்தப் பெயரை இன்று பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் வூ கண்ட காட்சி உண்மை.

டென்மார்க்கில் காட்யா ஷ்ரோடர் நாடு முழுவதும் உள்ள மகப்பேறு மருத்துவர்களையும் பிரசவச் செவிலியர்களையும் கேட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே வழக்குப் பயமும் அடிதடிப் பயமும் நம் அளவுக்குக் கிடையாது. அப்படியிருந்தும் ஏறத்தாழ 36 முதல் 49 விழுக்காட்டினர் குற்றவுணர்வைச் சொன்னார்கள். வெளியிலிருந்து வரும் பழியைவிட உள்ளே நடக்கும் விசாரணைதான் அவர்களை அதிகம் வாட்டியது. தவறு எதுவும் செய்யவில்லை என்று விசாரணையில் தெளிவான பிறகும் அது ஓயவில்லை. அதே ஆய்வில் 65 விழுக்காட்டினர், அந்த அனுபவம் தங்களை மேலான பணியாளராக ஆக்கியது என்றும் சொன்னார்கள். ஆக, இந்தக் காயம் ஆறும். ஆறினால் அது அறிவாகவும் மாறும்.

நம் நாட்டில் காயம் ஆற விடுகிறோமா? 2012 ஜனவரியில் தூத்துக்குடியில் மயக்கவியல் மருத்துவர் சேதுலட்சுமி அவருடைய மருத்துவமனையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர், சிகிச்சையில் கர்ப்பிணி மனைவியை இழந்த கணவர். மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் இருந்தது. அது அவரைக் காக்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 28 அன்று ராஜஸ்தானின் தௌசா மாவட்டம் லால்சோட்டில் ஒரு பெண் பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கால் இறந்தார். மருத்துவமனை வாசலில் கூட்டம் கூடியது. மகப்பேறு மருத்துவர் அர்ச்சனா சர்மாவின் மீது காவல்துறை கொலை வழக்குப் பதிவுசெய்தது. கவனியுங்கள், கவனக்குறைவு வழக்கு அல்ல, கொலை வழக்கு. மறுநாள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தான் தவறு செய்யவில்லை, உதிரப்போக்கு பிரசவத்தில் அறியப்பட்ட சிக்கல், தன் கணவரையும் பிள்ளைகளையும் துன்புறுத்தாதீர்கள் என்ற கருத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனார். மருத்துவர்மீது குற்ற வழக்குத் தொடருமுன் துறைசார்ந்த, சார்பற்ற மருத்துவக் கருத்தைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே சொல்லியிருந்தது. அர்ச்சனாவின் மரணத்துக்குப் பிறகே காவல் அதிகாரிகள்மீது நடவடிக்கை வந்தது. இரண்டு பெண்கள் இறந்த பிறகு. இரண்டு வீடுகளில் பிள்ளைகள் தாயை இழந்த பிறகு.

இவை செய்தித்தாளில் வந்தவை. வராதவை பற்றி, மகப்பேறு வார்டுகளில் காலம் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு மரணம் நடந்த இரவில் வார்டில் முதலில் தேடப்படுவது கேஸ் ஷீட். எல்லாம் எழுதியிருக்கிறதா, எந்த மணிக்கு எந்த ஊசி, யார் கையெழுத்து. அழுகை அதற்குப் பிறகுதான். பல நேரம் அது வருவதேயில்லை, ஏனென்றால் பக்கத்து மேசையில் இன்னொரு பெண் வலியில் முக்கிக்கொண்டிருக்கிறாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு, தைரியமா இரும்மா, ஒண்ணுமில்லை என்று சொல்ல வேண்டும். அந்தச் செவிலியரே அப்போது ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கக்கூடும். நம் பிரசவ வார்டுகளில் இது அபூர்வமான காட்சி அல்ல.

பிறகு தணிக்கை. தாய்மரணம் ஒவ்வொன்றையும் ஆராயும் ஏற்பாட்டை 1990-களிலேயே தொடங்கிய மாநிலம் நம்முடையது. அதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. வீட்டுக்குப் போய்க் கேட்கிறோம், மருத்துவமனையில் கேட்கிறோம், ஆட்சியர் தலைமையில் ஆராய்கிறோம், இறந்தவரின் உறவினரையும் அழைத்துக் கேட்கிறோம். எந்த ஊரில் வண்டி தாமதம், எந்த மருத்துவமனையில் இரத்தம் இல்லை என்று தெரிந்து சரிசெய்தது அந்தக் கேள்விகளால்தான். யார் பெயரையும் சொல்லாதே, யார்மீதும் பழி போடாதே என்பதுதான் தேசிய வழிகாட்டுதலின் அடிப்படை விதி. ஆனால் நடைமுறையில் கூட்டத்துக்கு அழைக்கப்படும் ஒரு செவிலியர், அதே அதிகாரியிடமிருந்து அடுத்த வாரம் 17(பி) ஒழுங்கு நடவடிக்கை மெமோ வரலாம் என்ற நினைப்போடுதான் உட்கார்ந்திருக்கிறார். அப்படி உட்கார்ந்திருப்பவர் உண்மையைச் சொல்வாரா? கேஸ் ஷீட்டில் இருப்பதைச் சொல்வார். நாம் கற்க வேண்டியதோ அதில் எழுதப்படாததை: வாகனம் வரத் தாமதமாகும் என்று தெரிந்தும் ஏன் காத்திருந்தார், மேலதிகாரியை எழுப்ப ஏன் தயங்கினார் என்பதை.

பயந்தவர் அடுத்த தடவை என்ன செய்வார் என்பதுதான் என் உரையின் முக்கியமான இடம். ரெஃபர் எழுதுவார். அங்கேயே பார்த்திருக்கக்கூடிய பிரசவத்தை, ரிஸ்க் வேண்டாம் என்று மலையிறக்கி அனுப்புவார். உதிரம் பெருகத் தொடங்கினால், முதலில் கருப்பையைப் பிசைய வேண்டிய கை முதலில் வண்டிக்குப் போன் போடும். மேலே இருக்கும் மருத்துவமனை அதற்கும் மேலே அனுப்பும். அந்த இரண்டு மணி நேரம் சாலையில் போகும். நம் மாநிலத்தில் 2019-21 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 64. இதற்குக் காரணங்கள் பல, வருமானமும் அவற்றில் ஒன்று. ஆனால் பயமும் ஒன்று என்பதை எந்த மகப்பேறு மருத்துவரும் தனிமையில் ஒப்புக்கொள்வார். நேற்று இறந்தவருக்காக ஒருவரைத் தண்டிப்பதாக நினைத்து, நாளை வரப்போகிறவளுக்குப் பயந்த கைகளைத் தயார் செய்கிறோம்.

இறுகிப்போனவர்களும் உண்டு. பிரசவ அறையில் பெண்களைத் திட்டுவது, தொடையில் அறைவது, படுக்கும்போது தெரியலையா என்று கேட்பது. இதை அனுபவித்த பெண்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். இது குற்றம், எந்த மனக்காயமும் இதற்குச் சாக்காகாது. பணம் கேட்பது, போதையில் பணிக்கு வருவது, கேஸ் ஷீட்டைத் திருத்தி எழுதுவது எல்லாம் தண்டனைக்குரியவை, தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் அழுதுகொண்டே பிரசவம் பார்த்த பெண், பத்தாவது ஆண்டில் அப்படிப் பேசுகிறவராக எப்படி ஆனார் என்று கேட்காமல், சுவரில் மரியாதையான மகப்பேறு என்று பலகை மாட்டி அதை மாற்ற முடியாது.

செய்யக்கூடியது என்ன? அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக மருத்துவமனையில் சூசன் ஸ்காட் என்ற செவிலியர் உருவாக்கிய ஏற்பாட்டின் அடிப்படை மிக எளியது. பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது மனநல மருத்துவர் அல்லர். அதே வார்டில், அதே வேலை தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்து கேட்பது. அதற்கும் ஆறாதவர்களுக்குப் பயிற்சி பெற்ற சக பணியாளர்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால்தான் மனநலச் சிகிச்சை. நம் மாவட்டத்தில் இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண் இரவிலும் பேசும். குறைவது ஒன்றுதான்: மரணம் நடந்த அன்றே, கேட்கப்படாமலே, பக்கத்தில் போய் உட்காரும் ஆள். கையில் மருந்தில்லாதபோது நோயாளியின் பக்கத்தில் உட்காரக் கற்றவர்கள்தான் செவிலியர்கள். அவர்களுக்கு அதைச் செய்ய ஆள் இல்லை.

மரணம் நடந்த அன்று அந்தச் செவிலியரின் பணிநேரத்தின் மீதியை வேறொருவர் ஏற்க வேண்டும். பணியிடங்கள் காலியாக இருக்கும்போது எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள், உரத்துக் கேளுங்கள். காலிப் பணியிடத்தை நிரப்பக் கோருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும். ஆறுதல் சொல்பவர் ஒருவராகவும் தணிக்கை செய்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். மெமோ கொடுக்கும் அதிகாரம் இருவரிடமும் இருக்கக் கூடாது. தணிக்கையில் தவறில்லை என்று முடிவானால் அதை அவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். தவறு இருந்தால் என்ன தவறு, எந்தப் பயிற்சி தேவை என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். முடிவு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது அவரை உள்ளுக்குள் அரிக்கிறது.

குடும்பத்திடம் பேசும் பொறுப்பு மூத்தவர்களுடையது. என்ன நடந்தது என்பதை, மறைக்காமல், அவர்களுக்குப் புரியும் தமிழில், உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். வாசலில் கூடும் கூட்டத்தில் பாதி, உள்ளே யாரும் ஒன்றும் சொல்லாததால் கூடுவது. இளம் பணியாளரை அதற்கு முன்னே தள்ளிவிட்டு மூத்தவர்கள் அறைக்குள் இருப்பதை நான் ஏற்க மாட்டேன்.

சிறுவங்கூர்க் கல்லூரியின் மாணவர்களும் செவிலிய மாணவிகளும் பின்வரிசைகளில் இருக்கிறீர்கள். உதிரப்போக்கை எப்படிக் கையாள்வது என்று பொம்மையை வைத்து உங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஊசி, மசாஜ், சலைன், அழைப்பு என்று வரிசையாகச் செய்து முடித்ததும், பொம்மை பிழைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு கலைந்துபோகிறீர்கள். சில தடவை அது பிழைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடருங்கள். உறவினரிடம் யார் போய்ச் சொல்வது, என்ன சொல்வது, ஊசி போட்ட தோழியிடம் யார் பேசுவது, இன்றைய இரவு அவள் விடுதி அறையில் யார் துணையாக இருப்பது என்று அங்கேயே முடிவு செய்து பாருங்கள்.

வட்டார மருத்துவ அலுவலர்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மலையில் அடுத்து ஒரு தாய் இறக்க நேர்ந்தால், மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போகும் கிராம சுகாதாரச் செவிலியரோடு நீங்கள் போங்கள். உங்களால் முடியாவிட்டால் பகுதி சுகாதாரச் செவிலியரை அனுப்புங்கள். ஏழாம் நாளும் அனுப்புங்கள். மலையேறும் ஜீப்பில் இன்னொருவருக்கு இடம் இருக்கும், இதற்குத் தனி அரசாணை எதுவும் வேண்டியதில்லை.